அஃப்ரா வைத்துவிட்டுப் போன பீர்

சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் "மெதுவா, மெதுவா" என்று குறுகலான மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள் இருந்த அஃப்ராவின் புருஷன் எம்மெரம் நிலவறையில் ஒரு பீப்பாயின் மேல் குனிந்து காதை வைத்துக்கொண்டிருந்தார்.

களுக்.

மூடியில் செருகியிருந்த குழாயில் ஒரு நீர்க்குமிழி உடைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தார். களுக். உடனே இன்னொன்று. களுக்.

"அப்பா! எங்க போய்த் தொலைஞ்சீங்க? அம்மாவ எடுக்குறாங்க!" மேலிருந்து மகள் யூடித் கத்தினாள். செய்தி கேட்டு மியூனிக்கிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்தவள்.

"ஓடுதுடி! இன்னும் நல்லா ஓடுது!"

"எது ஓடுது?"

"பீரு!"

மாடிப்படியில் பெட்டி ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு பெட்டி தூக்கிய நால்வரில் ஒருவன் அடக்கிப் பார்த்து முடியாமல் மூக்கால் சிரித்துவிட்டான். ஊரில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எம்மெரம் அப்படித்தான். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, நிறுத்தத்தில் ஆள் ஏறி முடிப்பதற்குள் கதவைச் சாத்துகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

அஃப்ரா போன சனிக்கிழமை கோதுமை பீர் காய்ச்சினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், மதியம் நன்றாகச் சாப்பிட்டாள், சாயந்திரம் முழங்கால் வலிக்கிறது என்று சீக்கிரம் படுத்தாள். திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லை. இதயம் தூக்கத்திலேயே நின்றுவிட்டது என்றார் டாக்டர். அன்று மாலையே பெட்டியைக் கோயில் சவ அறைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்; வரும் சனிக்கிழமை அடக்கம் என்று முடிவாயிற்று. பாட்டுக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, பூவுக்குச் சொல்லியாயிற்று. எல்லாவற்றையும் யூடித்தும் அஃப்ராவின் அக்கா நோட்புர்காவும் பார்த்துக்கொண்டார்கள். எம்மெரத்தின் மனசெல்லாம் பீப்பாயில் இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. ஊரில் யார் செத்தாலும் அடக்கம் முடிந்து குவிரினின் விடுதியில்தான் சாப்பாடு. அங்கே ஊற்றும் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு அஃப்ரா ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிப்பாள். "என் சாவுக்கு இந்தக் கழனித்தண்ணிய ஊத்துனீங்கன்னா, எந்திரிச்சு வந்து கேப்பேன்" என்பாள். குவிரினின் காதுபடவே சொல்வாள். பாதி ஊர் கேட்டிருக்கிறது. இப்போது அவள் செத்துவிட்டாள், பீப்பாயில் அவள் கையால் வைத்த பீர் இருக்கிறது. சனிக்கிழமை அது மேசைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் எம்மெரம் எந்த முகத்தோடு அந்தக் கல்லறைக்குப் போய் நிற்பார்?

திங்கட்கிழமை மதியமே குவிரினிடம் போய் நின்றுவிட்டார். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

"டேய், என் கடையில வெளி பீர் ஊத்த விடுவனாடா நான்?" என்றார் குவிரின்.

"ஒரே ஒரு சுத்து. அவளுக்காக."

"என் பீர கழனித்தண்ணின்னு சொன்னவ அவ."

"அதுக்குத்தான் கேக்குறேன். நீ ஊத்துனா எந்திரிச்சு வந்துருவா. அப்புறம் உன்பாடு."

குவிரின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். "ஒரு சுத்துதான்" என்றார்.

சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் பீரை எப்போது புட்டியில் அடைப்பது என்று எம்மெரம் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. காய்ச்சிய மறுநாளிலிருந்தே நிலவறைப் படியின் மேலே நின்றுகொண்டு "ஆச்சா?" என்று குரல் கொடுப்பார். கீழிருந்து "நாளைக்கு" என்று பதில் வரும். அடுத்த நாளும் கேட்பார். அடுத்த நாளும் "நாளைக்கு"தான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள்; எம்மெரத்துக்கு ஆக்கவே பொறுக்காது. ஒரே ஒரு முறை, யூடித் பிறந்து அஃப்ரா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவளுக்கு ஆச்சரியம் கொடுக்கலாமென்று தானே அடைத்துவிட்டார். குழந்தையோடு அவள் வீடு வந்து சேர்ந்த அன்று நிலவறையில் புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. அந்தக் குளிர்காலம் முழுக்க, நிலவறையில் கொட்டிவைத்திருந்த உருளைக்கிழங்கை விளக்கடியில் வைத்து, கண்ணாடித்தூள் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் சமைத்தாள். திட்டவில்லை. அதற்குப் பிறகு "நாளைக்கு" என்பதை இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

பீர் நொதிக்கும்போது, முளைகட்டிய தானியமான மால்ட்டிலிருந்து வந்த இனிப்பை ஈஸ்ட் தின்று தீர்க்கும். முழுக்கத் தின்று முடிப்பதற்குள் புட்டியில் அடைத்தால், உள்ளே தின்பது நடந்துகொண்டே இருக்கும். காற்று சேர்ந்து கண்ணாடி தாங்காது. அதனால் ஒரு கண்ணாடி மிதவையைப் பீரில் போட்டு இனிப்பை அளப்பார்கள்; இனிப்பு குறையக் குறைய எண்ணும் குறையும். இன்று பார்த்த எண்ணும் நாளை பார்க்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் தின்று முடித்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் காய்ச்சிய அன்றே எடுத்துவைத்த இனிப்புச் சாற்றை அளவாகக் கலந்து அடைத்தால் நுரை வரும். அந்தச் சாற்றுக்கு அஃப்ரா வைத்த பெயர் தீனி. அது வேலை செய்யக் கதகதப்பான இடத்தில் குறைந்தது மூன்று நாள் இருக்க வேண்டும். அப்படியென்றால் புதன்கிழமைக்குள் அடைத்தாக வேண்டும்.

"புதன்கிழமைக்குள்ள நிக்கலன்னா?" என்றாள் யூடித்.

"நிக்கும். அம்மா நமக்காக நிறுத்துவா."

"அம்மா எதையாச்சும் உங்க அவசரத்துக்குச் செஞ்சு பாத்திருக்கீங்களா?"

எம்மெரம் காலிப் புட்டிகளை எண்ணத் தொடங்கினார்.

நோட்புர்கா தன் பங்குக்கு முறைப்படி எல்லாம் செய்தாள். கடிகாரத்தை நிறுத்தினாள். கண்ணாடியில் துணி போட்டாள். உயிர் வெளியே போக வழி வேண்டுமென்று வீட்டின் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, போனது திரும்பி வந்துவிடக் கூடாதென்று அறை அறையாகப் போய்ச் சாத்தினாள். அண்டை வீட்டார் சூப்பும் ரொட்டியும் கேக்கும் கொண்டுவந்து கொடுத்ததால் சமையலறையில் அடுப்பே மூட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை எம்மெரம் நிலவறைக்கு இறங்கினார். காதை வைத்தார். சத்தம் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். குழாயில் ஒரு குமிழிகூட அசையவில்லை.

"நின்னுடுச்சு!" என்று படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். "யூடித்! அக்கா! நின்னுடுச்சு!"

பீரை ஒரு குவளையில் பிடித்து மிதவையைப் போட்டார்கள். ஐந்தில் நின்றது. யூடித் குவளையை வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தாள். அப்போதும் ஐந்துதான்.

"அம்மாவோடது எப்பவும் மூணுக்கு வருமே?"

"மால்ட்டுக்கு மால்ட்டு மாறும்டி. நாளைக்குக் காலையில பாப்போம். அதே எண் இருந்துச்சுன்னா அடைக்குறோம். உங்கம்மா முறைப்படியே. ஒரு நாள் பொறுக்குறேன் பாரு."

அன்று ஜெபமாலைக்குக் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது அவர் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. பின்வரிசைக்காரர்கள் துக்கம் என்று நினைத்தார்கள். துக்கமும்தான் இருந்தது. நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக "நாளைக்கு" என்று தானே சொல்லிவிட்டதை அவளிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் சுள்ளென்று உறைத்தது. ஜெபமாலை முடிவதற்குள்ளேயே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

புதன்கிழமை காலை மிதவை ஐந்திலேயே நின்றது.

அப்புறம் வீடு வீடாக இல்லை. குழாயிலிருந்து தொட்டி நிறையச் சுடுதண்ணீர், கழுவிக் கவிழ்த்த புட்டிகள், கம்பி மூடிகளுக்குப் புது ரப்பர் வளையம். நோட்புர்கா கறுப்பு உடைக்கு மேல் தங்கையின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். யூடித் குழாயைப் பிடித்தாள். எம்மெரம் தீனியை அளந்து கலந்துவிட்டு, ஒவ்வொரு புட்டியின் கம்பியையும் தட்டென்று அழுத்தி மூடினார். நிலவறையில் விரல்கள் விறைத்தன. உடம்பெல்லாம் சில்லென்று இருந்தது. ஆள் போன வீடு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

யூடித் விரலில் சிந்தியதை நக்கிப் பார்த்தாள். "இனிக்குதே அப்பா."

"தீனி போட்டிருக்குல்ல? இனிக்காம கசக்குமா?"

நோட்புர்கா புட்டி துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒருதடவ இவ எனக்கு ரெண்டு புட்டி குடுத்தா. வீட்டுக்குப் போனதும் தொறக்காத, இன்னும் ஒரு வாரம் போகட்டும்னா. சரின்னேன். மறுவாரம் நேர்ல வந்து பாத்துட்டு, இன்னும் ஒரு வாரம்னுட்டா. கடைசியில என் மருமகன் குடிச்சிட்டான், எனக்குக் கிடைக்கல."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எம்மெரம் அடுத்த புட்டியை எடுத்தார்.

மதியம் புட்டிகளை அடுக்கிய கிரேட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் குவிரினின் விடுதிக்குக் கொண்டுபோய், கூடத்தைச் சூடாக்கும், ஓடு பதித்த பெரிய கணப்பு அடுப்பின் பின்பக்கம் அடுக்கினார்கள். ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான். அதனால்தான் சீட்டாடுகிறவர்களும் அந்தக் கணப்பைச் சுற்றியிருந்த பெஞ்சை விட்டு நகர மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, கடைசி ஜெபமாலை முடிந்து வந்ததும், காலிப் பீப்பாயைக் கழுவலாமென்று எம்மெரம் நிலவறைக்கு இறங்கினார். வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அடுப்பு மூட்டாததால், நிலவறை வழியாகப் போகும் சமையலறைப் புகைபோக்கிச் சுவர் சில்லிட்டுக் கிடந்தது; அது தெரிந்ததுதான். ஆனால் பீப்பாய் நின்ற இடத்துக்கு மேலே, சிறிய ஜன்னலின் பழைய திரைத்துணி ஆடிக்கொண்டிருந்தது. விலக்கிப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது. தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கரண்டி முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. வெளியே தோட்டத்தில் உறைபனி.

"அக்கா! இந்த ஜன்னல யாரு தொறந்தது?"

"நான்தான். திங்கக்கிழமையே." நோட்புர்கா படியின் மேலே வந்து நின்றாள்.

"மத்ததெல்லாம் சாத்துனீங்களே, இத ஏன் சாத்தல?"

"மத்த ரூம்லருந்து அவ உடனே போயிருப்பா. இங்கருந்து அவ்ளோ சீக்கிரம் கிளம்புவான்னு எனக்குத் தோணல. அடக்கம் வரைக்குமாவது இருக்கட்டும்னு விட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஏம்ப்பா? ஏதாச்சும் தப்பா?"

எம்மெரம் கையில் இருந்த வாளியைக் கீழே போட்டார். பீர் முடிந்திருக்கவில்லை. குளிரில் ஈஸ்ட் தூங்கிவிட்டிருந்தது. அதனால்தான் குமிழி நின்றது, அதனால்தான் ஐந்து ஐந்தாகவே இருந்தது. தின்னாத இனிப்பு அத்தனையும் உள்ளே இருக்க, மேலே தீனியையும் ஊற்றி, இறுக மூடி, ஊரிலேயே சூடான கணப்பின் பின்னால் இரண்டு நாளாக வைத்திருக்கிறார். அதன் முன்னால் மனிதர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அறுபத்தெட்டு வயதில், துக்க உடையில், தொப்பிகூட இல்லாமல் எம்மெரம் ஓடியதை அந்தத் தெரு முதல் தடவையாகப் பார்த்தது. பின்னால் யூடித். அவளுக்குப் பின்னால், "மெதுவா போங்க, பனி வழுக்கும்!" என்று கையில் ஜெபமாலையோடு நோட்புர்கா.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! பெஞ்ச விட்டு வாங்க!"

சீட்டாடிக்கொண்டிருந்த நால்வரும் நிமிர்ந்தார்கள். "இரு எம்மெரம், இந்த ஆட்டம் முடியட்டும். கையில நல்ல சீட்டு" என்றார் ஒருவர்.

கணப்பின் பின்னால் டமாரென்று வெடித்தது. நல்ல சீட்டு மேசைக்கு அடியில் போயிற்று, ஆளும்தான். நுரை சுவரில் வழிந்தது. வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எம்மெரத்துக்கு அது அஃப்ராவின் சமையலறை வாசனை.

"செத்தும் என்ன விட மாட்டேங்குறா!" என்று குவிரின் கத்திக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்.

"ஜன்னல் எல்லாத்தையும் தொற! சீக்கிரம்! குளிரட்டும்!"

ஜன்னல்களை எல்லாம் திறந்தார்கள். கணப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். குளிர் ஏறினால் உள்ளே சேர்ந்த காற்று அடங்கும், பிறகு ஒவ்வொரு மூடியாகத் திறந்து வெளியேற்றிவிடலாம். ஆனால் குளிர நேரம் ஆகும். திறக்கப் போகும் கையில் எது வெடிக்கும் என்றும் யாருக்கும் தெரியாது.

யூடித் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அப்பா. கண்ணுல தெறிச்சா என்ன பண்றது? மேல தார்ப்பாயைப் போட்டு அப்படியே விட்ருவோம். கடை பீரே போதும்."

"கழனித்தண்ணிய ஊத்தச் சொல்றியா?"

"நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார் குவிரின்.

"எனக்கு அம்மா போனது போதும். நீங்களும் ஆஸ்பத்திரியில போய்ப் படுக்காதீங்க!" என்று யூடித் உடைந்து அழுதாள். செய்தி கேட்டு வந்ததிலிருந்து அப்போதுதான் அழுதாள்.

எம்மெரம் அவள் தலையைத் தடவினார். "அவசரப்பட மாட்டேன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை நம்ப முடியாமல் குவிரினே திரும்பிப் பார்த்தார்.

குவிரின் ஊர்த் தீயணைப்புக் குழுவின் தலைவர். முகக் கண்ணாடி வைத்த தலைக்கவசத்தையும் தடித்த தோல் கையுறைகளையும் கொண்டுவந்து அவரே எம்மெரத்துக்கு மாட்டிவிட்டார். சீட்டாட்டக்காரர்கள் வாசலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். காத்திருந்தார்கள். பேருந்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகிற மனிதர், ஓட்டுக் கணப்பு தொட்டால் சில்லிடும் வரை கைகட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு முதல் புட்டியை எடுத்துத் தடித்த மேசைவிரிப்பில் சுற்றினார். கம்பியை மயிரிழையாக நெம்பினார். உஸ்ஸ்ஸ். நுரை கழுத்து வரை ஏறியது, நின்றது, இறங்கியது. மூடினார். வைத்தார். அடுத்தது.

"மெதுவா, மெதுவா" என்று வாசலில் இருந்து யாரோ சொன்னார்கள்.

இன்னொன்று கையிலேயே கூரை வரை பீய்ச்சியது. மற்றவை தங்கின. கடைசிப் புட்டியை மூடியபோது தலைக்கவசத்தின் கண்ணாடிக்குள் எம்மெரத்தின் முகம் முழுக்க நனைந்திருந்தது. வேர்வை என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். குளிர் தாங்காமல் பாட்டுக்காரர்கள் கடைசிப் பாட்டை விறுவிறுவென்று பாடி முடித்தார்கள். எல்லோரும் விடுதிக்கு வந்தார்கள். ஈரல் உருண்டை சூப் வந்தது, பன்றி வறுவல் வந்தது. அப்புறம் நீண்ட கண்ணாடிக் குவளைகளில் கலங்கலான பொன்னிறத்தில் அஃப்ராவின் பீர் வந்தது. நுரை குவளைக்கு மேல் நான்கு விரல் உயரம் நின்றது. கூரையில் இருந்த ஈர வட்டத்தைக் குழந்தைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லோரும் குடித்தார்கள். குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். எம்மெரத்துக்கு அந்த அமைதி தெரியும். ஒவ்வொரு தடவையும் முதல் குவளையில், தானே நாள் குறித்து அடைத்த பீரையே ஒரு வாய் குடித்துவிட்டு, அஃப்ரா ஒன்று சொல்வாள். மேசையில் எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

குவிரின்தான் மீசை நுரையைத் துடைத்தார். "இன்னும் ஒரு நாள் விட்டிருக்கலாம்" என்றார், அவள் சொல்கிற மாதிரியே.

கூடம் கொல்லென்று சிரித்தது. நோட்புர்கா சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்தாள். எம்மெரம் மேசையை ஓங்கித் தட்டிச் சிரித்தார். "கழனித்தண்ணி இல்லல்ல? சொல்லு, கழனித்தண்ணி இல்லல்ல?" என்று குவிரினின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். குவிரின் இல்லை என்று தலையாட்டிவிட்டு இன்னொரு குவளையை ஊற்றிக்கொண்டார். பேசியது ஒரு சுற்று. நடந்தது மூன்று சுற்று.

பொழுது சாய வீடு வந்தார்கள். நோட்புர்கா கண்ணாடியில் போட்ட துணியை எடுத்தாள், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள், கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"கீழ அந்த ஜன்னல சாத்திடு எம்மெரம். அதான் எல்லாம் முடிஞ்சுதே. இல்லன்னா தண்ணிக்குழா உறைஞ்சு வெடிச்சிரும்."

எம்மெரம் இறங்கினார். கழுவிய பீப்பாய் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி அஃப்ரா போர்த்திவைத்திருந்த கம்பளி மடித்து ஓரத்தில் கிடந்தது. திரைத்துணி லேசாக ஆடியது. மரக்கரண்டியில் கையை வைத்தார். இத்தனை வருஷமும் பீருக்கான மால்ட்டுக் கூழை அவள் கிளறிய கரண்டி. காம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

மேலே படியில் யூடித்தின் காலடி வந்து நின்றது.

"அப்பா? ஆச்சா?"

எம்மெரம் கரண்டியிலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்கு" என்றார்.

பிறகு அந்தக் கம்பளியை எடுத்து உதறி, தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டத் தொடங்கினார்.